பிலிமில் விழாத அழுகை

காமிரா என் கைக்கு வந்த முதல் நாளே அதை இழக்கப் பார்த்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். பிலிமுக்குக் கடும் கட்டுப்பாடு. ஒரே ஷாட்டை இரண்டாம் முறை எடுப்பதென்றால் முதலாளியின் முகம் கறுத்துவிடும். எங்கள் காமிராமேன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஆறு வருஷம் உதவியாளனாகவே காலம் தள்ளிய என்னிடம் ஒரு நாள் வேலையைக் கொடுத்தார்கள். அடையாற்றங்கரையில், சாயங்கால வெயிலில், கணவன் ஏறிப்போன படகைப் பார்த்துக் கதாநாயகி அழ வேண்டும். இதை ஒழுங்காக எடுத்துவிட்டால் இனி எவனுக்கும் உதவியாளன் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

அந்தக் காலத்துக் காமிராவில் லென்ஸ் வழியாகப் பார்த்து ஃபோகஸ் வைக்க வேண்டுமானால், அதன் உடலைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அப்போது லென்ஸுக்குப் பின்னால் இருப்பது நம் கண், பிலிம் அல்ல. ஓட்டுவதற்கு முன் மறக்காமல் பழைய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஓடும்போது பக்கத்தில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும்; அதில் எதுவும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கதாநாயகியாக நடித்த அந்த அம்மா அழுதார். நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணீர் விழாமல் இமையோரத்தில் தயங்கி நின்றதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. டைரக்டர் ‘கட்’ சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது. அவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரிந்தது? காமிராவைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பத் தள்ளவே இல்லை. பிலிமில் எதுவும் விழவில்லை.

வெயிலை முகத்தில் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரைப் பிடிப்பவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“பிலிம் கழுவுற லேபு மேல பழியப் போட்டுடு நைனா. கழுவ சொல்ல கெடுத்துட்டான்னு சொல்லு. யாருக்கு இன்னா தெரியப் போவுது?”

எல்லோரும் செய்வதுதான். எனக்குப் பிடிக்கவில்லை. நேரே டைரக்டரிடம் போய்ச் சொன்னேன்.

“நாளைக்கு வேற ஆளை அழைச்சிண்டு வரேன். நீ கிளம்பலாம்” என்றார்.

“நாளைக்கும் இதே வெயில் வரும் சார். இந்த முகத்தை எப்படி எடுக்கணும்னு இப்ப எனக்குத்தான் தெரியும். நான்தான் எடுப்பேன்.”

திமிர்தான். ஆனால் காமிராவை விட்டு நான் நகரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா, “அவரே எடுக்கட்டும். நான் இன்னொரு தடவை அழறேன்” என்றார்.

மறுநாள் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன். அந்த ஷாட்டைப் பார்த்துத்தான் அடுத்த படத்தை எனக்கே கொடுத்தார்கள். இன்றும் அதைச் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் உண்டு.

ஷாட் முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்து, “நேத்து மாதிரி வந்துதா?” என்று கேட்டார். முந்தின நாள் அழுகையில் பாதிகூட வரவில்லை. முதல் நாள் லென்ஸ் வழியாகப் பார்த்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

“நேத்தைவிட நல்லா வந்திருக்கும்மா” என்றேன்.