சமையலறைக் குறுக்குச் சுவர்

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் சின்ன மருமகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. முந்நூறு வருஷத்து வீடு. ஊரே நின்று கூரையை அண்ணாந்து பார்க்கும். அந்தக் கூரை மழைக்கு ஒழுகும் என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. குளியலறை ஒரு கோடி, படுக்கையறை மறு கோடி. சமையலறை ஒன்றே ஒன்று. அதில் ஏற்கெனவே ஓரகத்தி இருந்தாள், கணவனின் அண்ணன் மனைவி.

சண்டை ஜன்னலில் ஆரம்பித்தது. திறந்தால் அடுப்பு அணைகிறது என்பாள் ஓரகத்தி. மூடினால் மூச்சு முட்டுகிறது என்பாள் சின்னவள். பேச்சு இருவரின் பிறந்த வீடு வரை போய், அங்கிருந்தவர்களின் மானத்தையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பும். அண்ணனும் தம்பியும் கலந்து யோசித்தார்கள். பெண்டாட்டிகளிடம் பேசுவதைவிடக் கொத்தனாரிடம் பேசுவது சுலபம் என்று இருவருக்கும் பட்டது. கொத்தனார் வந்து சமையலறைக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார். ஜன்னல் சரிபாதியாக நடுவில் மாட்டிக்கொண்டது.

"ஆளுக்கு ஒரு கதவு. இனிமே திறங்க, மூடுங்க, உங்க பாடு," என்றார் அவர்.

சண்டை அன்றோடு நின்றது. பேச்சும் நின்றது.

சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சின்னவள் வண்டி ஓட்டப் பழகினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. கூரையைச் செப்பனிடக் கட்டுப்படியாகாமல் சகோதரர்கள் வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் குடிபோனார்கள். சில வருஷத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போயும் சேர்ந்தார்கள். இரண்டு சாவிலும் ஓரகத்திகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள்.

வீடு அருங்காட்சியகமானது. சின்னவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் ஒருநாள் வேன் பிள்ளைகளைப் பள்ளியே அங்கு அனுப்பியது. கூட வந்த ஆசிரியை, "நீங்க கடைசியா வாங்க, யாரும் தொலைஞ்சிடாம பார்த்துக்கோங்க," என்று சொல்லிவிட்டதால் உள்ளே போக வேண்டியதாயிற்று.

சமையலறையில் ஓரகத்தி நின்றிருந்தாள். மகளைக் கொடுத்த இடத்தில் தன் பவிசைக் காட்டுவதற்காகச் சம்பந்தியம்மாவை அழைத்து வந்திருந்தாள். சின்னவளைக் கண்டதும் கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வழிகாட்டிப் பெண் சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"அந்தக் காலத்து ஆளுங்க மூளையை இங்கதான் பார்க்கணும். ஒரே ஜன்னல், நடுவுல சுவர். ரெண்டு பக்கமும் வெளிச்சம் வரும், புகை மட்டும் கலக்காது. முந்நூறு வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். சம்பந்தியம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் சம்பந்தி, நீங்க கல்யாணமாகி வந்தப்பவே இது இருந்துதா?"

ஓரகத்திக்குப் பொய் வராது. சண்டையில்கூட உண்மையைத்தான் சொல்வாள். அதனால்தான் அவ்வளவு வலிக்கும். "அது வந்து..." என்று இழுத்தாள்.

"இருந்துச்சே," என்றாள் சின்னவள் பின்னாலிருந்து. "நம்ம மாமியார் இதைப் பத்திப் பேசாத நாளே கிடையாதே. இல்லக்கா?"

மாமியார் சுவர் வருவதற்கு முன்பே இறந்துவிட்டவள்.

ஓரகத்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா. ரொம்பப் பெருமையா சொல்வாங்க," என்றாள். பிறகு சம்பந்தியம்மாவிடம், "என் ஓரகத்தி. நாங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி," என்றாள். முதல் பொய்தான் கஷ்டம் போலிருக்கிறது.

சம்பந்தியம்மா ஆட்டோ பிடித்துப் போனதும் ஓரகத்தி வேன் அருகே வந்தாள்.

"அந்த வழிகாட்டிப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்குக் கட்டினீங்கன்னு கேப்பாளே."

"கேப்பா," என்று ஓரகத்தி ஒத்துக்கொண்டாள்.

சின்னவள் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல எப்படிப் பொழுது போகுது?"

"எங்க போகுது? பேச ஆளில்ல."

"வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்க ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நல்லா சத்தம் போடத் தெரியணும்."

"நான் எங்க சத்தம் போட்டேன்?" என்றாள் ஓரகத்தி, தெருவுக்கே கேட்கும்படி.

அடுத்த மாதமே வேலையில் சேர்ந்தாள். பிள்ளைகள் ஒரு வாரத்தில் அடங்கிப்போனார்கள். முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் "பார்த்துப் போ" என்கிறாள். சின்னவளும் பார்த்துத்தான் போகிறாள்.