கேலரி வாசலில் பன்னிரண்டு ஜோடி

படக் கேலரியில் ஜாகா, அதாவது காவல் வேலை என்றால், யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பது. நின்றே பிழைக்கிற மக்களே, என் முழங்காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏர்கோனுக்கு வந்தவர்கள்

பினாங்கில் ஒரு யுனிவர்சிட்டி கேலரி. படம் பார்க்க வருகிறவர்கள் குறைவு. வெயிலுக்கு ஏர்கோன் குளிரில் ஒதுங்குவார்கள், போனுக்கு சார்ஜ் போடுவார்கள், காதலிப்பதும் சண்டை போடுவதும் இங்கேதான். பரீட்சை வந்தால் பெஞ்சில் தூக்கம். ஒருநாள் ஒருத்தனை எழுப்பி, படத்தையும் கொஞ்சம் பாரேன் தம்பி என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "பாத்துட்டேன் அங்கிள், அதான் தூக்கம் வந்துச்சு."

கால் சும்மா இருக்குமா?

கடைசி வருஷப் பிள்ளைகளின் கண்காட்சி. அதில் கவிதா, சிம்பாங் அம்பாட் ஊர்ப் பிள்ளை. ஃபேக்டரியில் வேலை செய்யும் அம்மாவும் கூட்டாளிப் பெண்களும் போட்டுத் தேய்ந்த சப்பாத்துகளை வாங்கிவந்து, பன்னிரண்டு ஜோடி, வாசலை ஒட்டி வரிசையாக வைத்திருந்தாள். அதுதான் அவள் படைப்பு. மூன்று மணிக்குப் புரொபசர் வந்து மார்க் போடுவார். தேறாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்கணும்.

மதியமே பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். கவிதா தன் அம்மாவையும் எனக்குக் காட்டினாள். வாசலில் சப்பாத்து வரிசையைப் பார்த்தால் நம் ஆள்களுக்குக் கால் சும்மா இருக்குமா? ஒருவர் கழற்றினார், பின்னாலேயே எல்லாரும். எது படைப்பு, எது வந்தவர்களுடையது என்றே தெரியவில்லை. போட்டுக்கொண்டே போங்கள் என்று மூன்று பாஷையில் கெஞ்சினேன். நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு அப்பா முறைத்தார்: "இவ்வளவு பேரு கழட்டியிருக்காங்க, நான் மட்டும் மரியாதை தெரியாதவனா?"

ஓரத்து ஜோடி

இரண்டரைக்குக் கூட்டம் கலைந்ததும் எண்ணினோம். பன்னிரண்டு இருந்தது. ஆனால் ஓரத்து ஜோடியைப் பார்த்து கவிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் பழசு போய், பளபளவென்று ஒரு புதுசு நின்றது. யாரோ மாற்றிப் போட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் கிளம்பிப்போயிருந்த அம்மாவோ போன் எடுக்கவில்லை. கவிதா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நீங்க நிக்கிறதே இதுக்குத்தானே, அங்கிள்?"

பஸ் ஸ்டாப்பில்

புதுசைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஃபெரிக்குப் போகிற பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது. ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனால், வாய் பிளந்த பழைய சப்பாத்தோடு நின்றவர் கவிதாவின் அம்மாவேதான்.

கண்காட்சிக்கென்றே மகளுக்கும் சொல்லாமல் புதுசு வாங்கிப் போட்டுவந்தவர், அதை அங்கே வைத்துவிட்டுப் பழசை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பெரியவர்கள் பார்க்கிற இடத்தில் கிழிசலை வைத்தால் மகள் எப்படித் தேறுவாள் என்கிறார். கிழிசலுக்குத்தான் மார்க் என்றால் நம்பவில்லை. அதற்குள் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியில் வலது கால் பழசைக் கழற்றித் தந்து, என் கையிலிருந்த புதுசில் வலதை வாங்கி மாட்டிக்கொண்டார். "ஒத்தைக் கால் உங்க இஷ்டத்துக்கு, ஒத்தைக் கால் என் இஷ்டத்துக்கு. போங்கண்ணே."

மூன்று மணி

வலது பழசு, இடது புதுசு என்று வைத்து நான் நிமிர்வதற்குள் புரொபசர் வந்துவிட்டார். மற்ற பதினொன்றையும் கடந்து, அந்த ஜோடியிடம் நின்றவர் நகரவே இல்லை. ஏன் இப்படி என்று கேட்டார். கவிதா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நான் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

தேறிவிட்டாள். போனில் சொன்னபோது அம்மா சொன்ன பதிலை எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "பாத்தியா, நல்லது ஒண்ணாவது வெச்சதாலதான்."

படைப்பைத் தொடாதீர்கள் என்று இப்போது வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். பெற்றவர்களுக்கும் அது பொருந்துமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.