துரையும் ஒரு சாவிக்கொத்தும்

தொண்ணூறுகளின் நடுவில், வடக்கில் சண்டை மும்முரமாக நடந்த காலத்தில், நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். கல்யாணமான புதிது. ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸ்தான் எங்கள் மாளிகை. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, கால் நீட்டினால் சுவரில் முட்டும் ஒரு ஹோல். முன்பக்கத்தில் வீட்டுக்கார அன்ரி தனியாக இருந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் கனடாவில்.

எனக்குக் கொள்ளுப்பிட்டியில் டைப்பிஸ்ட் வேலை, என் கணவருக்குப் புறக்கோட்டையில். பின்னேரம் இரண்டு பேரும் ஒரே ரயிலில் வந்து இறங்கித் தண்டவாளக் கரையோடு வீட்டுக்கு நடப்போம். அப்படி வந்த ஒருநாள், தண்டவாளத்தின் நடுவில் ஒரு மண்ணிற நாய் சாவகாசமாக உட்கார்ந்து உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து ரயில் ஊதிக்கொண்டு வருகிறது. சனம் கத்துகிறது. அது திரும்பியும் பார்க்கவில்லை. நாயைக் கண்டாலே ரோட்டின் அடுத்த பக்கம் மாறுகிற என் கணவர் என்ன நினைத்தாரோ, பாய்ந்து போய் அதைப் பின்னங்காலில் பிடித்து இழுத்துவிட்டார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

மிருக வைத்தியரிடம் காட்டினோம். காது இரண்டும் சுத்தமாகக் கேட்காது என்றார். கால் ஒன்றும் எப்போதோ உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. "செவிட்டு நாய்க்கு ஏனப்பா பேர்?" என்று என் கணவர் சிரித்தார். ஆனால் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதவர் துரைதானே! என் ஒபிசிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஆகவே துரை என்றே வைத்தோம்.

வாயால் கூப்பிட வழியில்லாததால், சாப்பாட்டு நேரத்தில் காலால் தரையைத் தொம் தொம் என்று உதைப்போம். அந்த அதிர்வு தெரிந்ததும் எங்கே கிடந்தாலும் நொண்டி நொண்டி ஓடி வரும். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் ஒழுங்கையே ஜன்னலைச் சாத்தும்; துரை மட்டும் குறட்டை விடும். தமிழர் என்றால் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதியவேண்டிய அந்தக் காலத்தில், எங்கள் வீட்டில் பதிவு இல்லாமல் நிம்மதியாக இருந்ததும் அது ஒன்றுதான்.

இந்தச் சந்தோஷத்துக்குக் கண்பட்டதோ என்னவோ, ஒருநாள் முற்றத்தில் துரை திடீரென்று சரிந்து விழுந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்க, வாயால் நுரை தள்ளியது. அன்ரி பார்த்துவிட்டார்.

"ஐயோ, விசர் நாய்! கடிச்சால் தொப்புளைச் சுத்தி ஊசி போடவேணும் பிள்ளை!"

துரையை வைத்தியரிடம் கொண்டுபோனோம். இது விசர் இல்லை, வலிப்பு என்று அவர் சொன்னதைச் சொல்லி, தந்த குளிசைகளையும் அன்ரியிடம் காட்டினேன். அன்ரி நம்பவில்லை. "வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதை இது. இன்னொருக்கா இப்பிடி நுரை தள்ளினதைக் கண்டனெண்டால் முனிசிபல் வானுக்குச் சொல்லிப்போடுவன். பிறகு என்னோட கோவிக்கக்கூடாது" என்றார். அந்த வானில் ஏறிய நாய் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் கதலிப் பழத்துக்குள் குளிசையை ஒளித்துத் துரைக்குத் தீத்துவது என் கணவருடைய வேலை. நாய் பிடிக்காத மனிதர் பழம் உரித்துக்கொண்டு நாய்க்கு முன்னால் குந்தியிருக்கும் காட்சியைப் பார்த்து நான் சிரிப்பேன். ஆனாலும் ஒழுங்கைக்குள் வான் ஒன்று திரும்பினால் துரையைக் குசினிக்குள் இழுத்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையை ஆமி சுற்றி வளைத்தது. அது எங்களுக்குப் பழக்கம்தான். அடையாள அட்டை, பதிவுத் துண்டு எல்லாம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு நின்றோம். அன்ரியும் எங்களோடு வந்து நின்றார். ஒரு சார்ஜனும் மீசை அரும்பாத ஒரு பொடியனும் சப்பாத்துக் காலால் தொம் தொம் என்று ஹோலுக்குள் வந்தார்கள்.

குசினிக்குள் படுத்திருந்த துரைக்கு அது போதாதா? சாப்பாடு வந்துவிட்டது என்று நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி வந்தது. வந்த வேகத்தில் சார்ஜனின் காலடியில் சரிந்து விழுந்தது. உடம்பு வெட்டத் தொடங்கியது. நுரை.

"பிஸ்ஸு பல்லெக்!" என்று கத்திக்கொண்டு பொடியன் துவக்கைத் தூக்கினான். விசர் நாயாம். ஒபிசில் நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிற எனக்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. "வலிப்பு! வலிப்பு!" என்று தமிழில் கத்திக்கொண்டு துரைக்கு முன்னால் போய் விழுந்தேன். என் கணவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நல்லகாலம், சிங்களத்திலும் அதற்குச் சொல் கிட்டத்தட்ட அதுதான். சார்ஜன் துவக்குக் குழலைக் கையால் கீழே தட்டினார். அடுத்த நிமிடம் எங்கள் தரையில் முழங்காலில் இருந்தார்.

"யத்துரு! யகட யத்துரு!"

இரும்புச் சாவி கேட்கிறார்! வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் சனத்தின் வழக்கம் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். என் கணவர் பதறியடித்து எங்கள் வீட்டுத் திறப்பை நீட்டினார். அது பித்தளை. சரிவராது என்று சார்ஜன் தலையை ஆட்டினார். எல்லாரும் அன்ரியைப் பார்த்தோம். அவருடைய இடுப்பில் பழைய அலுமாரி, பெட்டகம் எல்லாவற்றின் இரும்புச் சாவிகளும் பெரிய கொத்தாகத் தொங்கின. அதை அவர் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று ஒழுங்கையில் பகிடி சொல்வார்கள்.

அன்ரி ஒரு கணம் யோசித்தார். பிறகு கொத்தை உருவிக்கொண்டு குனிந்தார். விசர் நாய் என்று ஒதுங்கி நின்ற அதே மனுஷி, துரையின் முன்னங்காலைப் பிடித்து, பாதத்துக்குள் சாவியை வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "முருகா, முருகா" என்று ஒரு பக்கம் அவர். மற்றப் பக்கம் துரையின் தலையைத் தாங்கியபடி சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்த சார்ஜன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. துரை கண்ணைத் திறந்து, அன்ரியின் கையை ஒருதரம் நக்கியது. அன்ரிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

தன் மகளுக்கும் இந்த வலிப்பு வருத்தம் இருக்கிறது என்று சார்ஜன் எழும்பும்போது சொன்னார். மேசையிலிருந்த அட்டைகளைத் தொடாமலே போய்விட்டார்கள்.

சாவியால் ஒன்றும் ஆகாது, இழுப்பு தானாகத்தான் நின்றிருக்கும் என்று வைத்தியர் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அதை அன்ரியிடம் சொல்ல எங்களுக்குப் பைத்தியமா? தன் சாவிதான் துரையைக் காப்பாற்றியது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். முனிசிபல் வான் பேச்சு அதோடு போயிற்று. பிறகு துரைக்கு இழுப்பு வந்த போதெல்லாம் எங்களுக்கு முன்னால் அவர்தான் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். குளிசை குடித்ததா என்று எங்களைக் கணக்குக் கேட்பதும் அவர்தான்.

சில கிழமைகள் கழித்து, பம்பலப்பிட்டிப் பக்கம் நான் வந்த பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் என் முறை வந்து அட்டையை நீட்டினால், எதிரில் அதே பொடியன். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்காத குரலில், "பல்லாட்ட தென் ஹொந்தத?" என்றான். நாய்க்கு இப்போது சுகமா என்று கேட்கிறான். "ஹொந்தாய் மல்லி" என்றேன். நல்ல சுகம் தம்பி.

அந்தக் காலத்தில் எத்தனையோ தரம் அந்த அட்டையை நீட்டியிருக்கிறேன். எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்றுதான் கேட்பார்கள். வீட்டில் ஒரு ஜீவனுக்குச் சுகமா என்று கேட்டது அந்த ஒரு பொடியன்தான். இன்றைக்கும் ஆமி உடுப்பைக் கண்டால் என் கை தன்பாட்டில் பைக்குள் அட்டையைத் தேடுகிறது; அந்தக் கேள்வி ஞாபகம் வந்த பிறகுதான் மெல்ல மூச்சு வருகிறது.