முதல் மூன்று விநாடிக்காகப் பூசிய சாம்பல்

எண்ணூரில் எங்கள் மாடியில் காலையில் வெள்ளைத் துணி காயப்போட்டால், மாலைக்குள் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துவிடும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் மகளுக்கோ ஓயாத இளைப்பு. தெருப் பெண்கள் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுத்திருந்தோம். வீடியோ போட்டால் அதிகாரிகள் சீக்கிரம் வருவார்கள் என்று நான்தான் கிளம்பினேன்.

காயப்போட்ட தலையணை உறையைப் படம் பிடித்தால், படிந்திருந்த சாம்பல் போனில் தெரியவே இல்லை. முதல் மூன்று விநாடியில் கண்ணில் படாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களே! மாடி மூலையில் சேர்ந்திருந்த சாம்பலை அள்ளி உறைமேல் தேய்த்தேன்.

"அதான் நெசமாவே கீதே, நீ ஏம்மே கூடப் பூசிகினு கீற?" என்றார் ஸ்டெல்லா அக்கா. நான் கேட்கவில்லை.

வீடியோ பரவியது. எங்கெங்கிருந்தோ பரிதாபப்பட்டு எழுதினார்கள். மறுநாள் ஒருவர் அதை நிறுத்திப் பார்த்துவிட்டு, "துணியில் ஐந்து விரல் தெரிகிறதே" என்று எழுதினார். அது இன்னும் வேகமாகப் பரவியது.

மனுவை விசாரிக்க வந்த அதிகாரி மாடிப்படி ஏறவே இல்லை. கீழே நின்றபடியே என் வீடியோவைக் காட்டி, "மேலேயும் இப்படித்தானே பூசி வெச்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஸ்டெல்லா அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது உறையைக் காயப்போடும்போதும் எடுக்கும்போதும், உள்ளதை உள்ளபடியே படம் பிடித்துப் போடுகிறேன். பார்ப்பவர்கள் சொற்பம். துணி எடுக்க மாடிக்கு வரும் ஸ்டெல்லா அக்கா தினமும் கேட்பது ஒன்றுதான்:

"இன்னாமே, எவனாச்சும் நம்புறானா?"

– ஒரு வாசகி, எண்ணூர்