மூத்தவளின் தோசைக்கல்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். டெங்கிக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் இருந்தாள். முன்கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்த படத்தைச் சொல்லவில்லை. அந்தப் படத்துக்குப் பொட்டு வைக்கிற வேலையை வந்த வாரமே நானே எடுத்துக்கொண்டேன். அவள் உண்மையில் குடியிருந்தது சமையல்கட்டில். அங்கே ஆணியில் ஒரு தோசைக்கல் தொங்கியது.

என் வீட்டுக்காரர் இரும்பு அடிக்கிறவர். ரெம்பாவ் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. பின்னால் இருக்கிற தகரக் கொட்டாய்தான் பட்டறை. முன்பெல்லாம் தோட்டத்துக்குக் கத்தியும் அரிவாளும் அடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவரைத் தேடி வருகிறவர்கள் காட்டில் கூடாரம் போட்டுச் சமைக்கிறவர்கள். செண்டாயானிலும் கோலாலம்பூரிலும் நல்ல வேலை பார்க்கிற பிள்ளைகள். வாரம் முழுக்க ஏர்கோனில் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமையானால் கண்ணில் புகை பட வேண்டும் அவர்களுக்கு. அடுப்பு முக்காலி, சட்டி தொங்கவிடுகிற கொக்கி, கங்கு தள்ளுகிற கம்பி, தோசைக்கல், எல்லாம் கையால் அடித்ததாக இருக்க வேண்டும். “சுத்தியல் பட்ட தடம் நல்லா தெரியிற மாதிரி அடிங்க அங்கிள்” என்று ஒருவன் கேட்டான். தடம் தெரியாமல் அடிப்பதற்குத்தான் இந்த மனுஷன் இத்தனை வருடம் பாடுபட்டார். சிரித்துக்கொண்டே தடம் போட்டுக் கொடுத்தார். வேலை ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

ஆணியில் தொங்கிய கல்லை அவர் தன் முதல் கல்யாணத்துக்கு முன்பே, வரப்போகிற பெண்ணுக்கென்று அடித்திருக்கிறார். அடித்து முடித்தவுடன் இரும்பில் தோசை வந்துவிடாது. அதைப் பழக்க வேண்டும். அரிசி கழுவிய நீரில் ஊறப்போட்டு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுச் சூட்டோடு தேய்த்து, ஆறவிட்டு, மறுபடியும் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகும் முதலில் ஊற்றுகிறதெல்லாம் பிய்ந்துதான் வரும். பிறகு வருடக்கணக்கில் ஒரு கை சுட்டுச் சுட்டு, எண்ணெய் ஏறி ஏறி, கல்லின் மேல் ஒரு கறுப்பு படியும். சுரண்டினால்கூட வராது. அந்தக் கறுப்பு முழுக்க மூத்தவள் கை.

எனக்கு அதில் தோசை வரவில்லை. பிறந்த வீட்டில் நான் சுடாத தோசையா? வந்த புதிதில் ஒரு காலை ஊற்றினேன். கல் பிடித்துக்கொண்டது. திருப்பியால் நெம்பினால் பாதி கையோடு வந்தது, பாதி கல்லோடு நின்றது. தணலைக் குறைத்தேன், கூட்டினேன், வெங்காயம் தேய்த்தேன், மாவை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அது ஆளு பாக்கும்லா” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

மூத்தவள் பெற்ற மகள் ஊற்றினால் மட்டும் வரும். நான் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பலகை போட்டு ஏறி நின்று ஊற்றுவாள். ஓரம் தானாக எழும்பிக் கொடுக்கும். அவள் திருப்பியைக்கூட அழுத்த மாட்டாள். நான் பக்கத்தில் நின்று சட்னி அரைப்பேன். என்னைச் சின்னம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுட்டுக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அம்மா கொரலு மறந்துபோச்சு சின்னம்மா. மொகம் போட்டோவுலதான் தெரியுது. தோசை ருசி மட்டும்தான் இன்னும் அப்படியே இருக்கு.”

அப்பனிடம் கேட்கலாம்தானே என்றேன்.

“அப்பாவுக்கு எல்லாம் ஒரே ருசி. உப்பு இல்லன்னாகூட தெரியாது.”

அது உண்மை. அன்றிலிருந்து அந்தக் கல்லை நான் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்குத் தாய் என்று மிச்சமிருந்தது அவ்வளவுதான். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வராது என்பதால், என் சப்பாத்திக்கு வேறு கல் அடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மூத்தவள் கல்லைப் பக்கத்து வீட்டுக்காரி தொட்டால்கூடச் சீறுவேன்.

ஆனால் பயமும் இருந்தது. சில பிற்பகல்களில் அடுப்பே எரியாத நேரத்தில், சூடான எண்ணெயில் வெங்காயம் பட்ட வாசனை முன்கூடம் வரைக்கும் வரும். எழுந்து போய்ப் பார்த்தால் சமையல்கட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கல்லில் கை வைத்தால் சுடும். “மேற்கு வெயிலு ஜன்னல் வழியா படுது, வேற என்னா” என்பார் வீட்டுக்காரர். மழை மூடிய நாளிலும் சுட்டிருக்கிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். பயந்துகொண்டு எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? ஒருநாள் கல்லைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தேன். “ஏன்க்கா, உனக்கு நான் என்னா பண்ணேன்? உன் புருஷனுக்குச் சோறு போடுறேன், உன் பிள்ளைக்குத் தலை பின்னுறேன். ஒரு தோசை விட்டுக் குடுத்தா என்னா கொறைஞ்சுபோவ?” திட்டு நாளாக நாளாகப் பேச்சாகிவிட்டது. பசாரில் மீன் விலை, பிள்ளைக்குப் பல் ஆடுவது, அவர் இரண்டு நாளாக இருமுவது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வீட்டுக்காரர் குடும்பத்தில் தாலியோடு போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். சேலை, வளையல், பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். நான்தான் படைத்தேன். பிடித்தது தோசை. அதை மட்டும் மகளைச் சுடச் சொல்லி வாங்கி வைத்தேன். இதைவிட ஒரு மானக்கேடு உண்டா என்று அன்றைக்கும் கல்லிடம் சண்டை போட்டேன்.

போன வருடம் சில இளைஞர்கள் பட்டறைக்கு வந்தார்கள். தோட்டத்துப் பழைய வாழ்க்கையை அப்படியே நடித்துக் காட்டுகிற கூட்டம் அது. ஒருவன் கங்காணி, ஒருவன் கணக்கு எழுதுகிற கிராணி, மற்றவர்கள் தலையில் துணி கட்டி ரப்பர் பால்வாளி தூக்குகிறவர்கள். நம் ஆட்கள் எதிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தார்களோ அதற்குள் போக இவர்கள் பேர் கொடுத்துக் காத்திருந்தார்கள். புக்கிட் பெலண்டோக் பக்கம் மிச்சமிருந்த ஒரு ரப்பர் காட்டில் இரண்டு நாள் முகாம். சமையல் முழுக்க விறகடுப்பில். முக்காலியும் கொக்கியும் எங்களுடையவை. எடுத்துப் போக வந்த இடத்தில் தண்ணீர் கேட்டுச் சமையல்கட்டுப் பக்கம் வந்த ஒரு பையன், ஆணியில் தொங்கிய கல்லைப் பார்த்துவிட்டான்.

“ஆன்ட்டி, இதுதான் ஒரிஜினல். இதைக் கொஞ்சம் குடுப்பீங்களா?”

நான் முடியாது என்று வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “எங்கம்மா கல்லு அது. குடுக்கலாம். ஆனா நான்தான் சுடுவேன்.”

சுட்டாள். முகாமில் அத்தனை பேர் வரிசையில் நிற்க, ரப்பர் மர நிழலில் கல் முன்னால் குந்தி உட்கார்ந்து சுட்டாள். ஒன்றுகூடப் பிய்யவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. “எங்கம்மா பழக்குன கல்லு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பொழுது சாய நாங்கள் கிளம்பினோம். மறுநாள் எல்லாச் சாமானையும் சேர்த்தே கொண்டு வந்து தருவதாகச் சொன்னார்கள். கல் இன்னும் சூடாக இருந்ததால் அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் அந்தப் பையன் வந்தான். நல்ல வளர்ப்பு. இரவல் வாங்கியதை அழுக்கோடு தரக்கூடாது, வெறுமனேயும் தரக்கூடாது என்று அவன் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். முக்காலி, கொக்கி எல்லாம் துடைத்து வைத்திருந்தான். தோசைக்கல்லின் மேல் ஒரு பொட்டலம் சீனி. கல் வெள்ளி மாதிரிப் பளபளத்தது.

“ஒரே கரி ஆன்ட்டி, எத்தனை வருஷத்துக் கரியோ தெரியல. ஆத்துல மணல் போட்டு, ஸ்டீல் வுல் போட்டு, மெஷின் பிரஷ்ஷு போட்டு, நானேதான் உக்காந்து தேச்சேன். சோப்பு ரெண்டு பாட்டில் ஆச்சு” என்று கையை விரித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவனை நான் என்னவென்று திட்ட? தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மறுபடியும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கல்லைப் பார்த்தாள். விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை மோந்து பார்த்தாள். எலுமிச்சை சோப்பு வாசம். அழவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அப்பா வழி சொன்னார். “உலையில வச்சுக் காட்டி எண்ணெயில முக்குனா ஒரு மணி நேரத்துல கறுத்துப்போகும்லா. விக்கிற கல்லுக்கெல்லாம் அப்படித்தானே பண்றேன்.”

“அது கடைக்குப் போடுற கறுப்புப்பா” என்று கதவுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவர் பட்டறைக்குப் போய்விட்டார். வெகு நேரம் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. நான் எட்டிப் பார்க்கவும் இல்லை. சில நேரத்தில் ஆம்பிளையைத் தனியாக விட்டுவிட வேண்டும்.

அதன் பிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிற்பகலில் வாசனை வரவில்லை. வெயில் நேராக விழுந்தும் கல் சில்லென்று இருந்தது. வழக்கம்போல் மீன் விலையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வெட்கமாகிவிட்டது. வெறும் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் போக வேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை விளக்கு வைத்திருக்கிறேன்! போய்விட்டாள். ஒரு வீடு இவ்வளவு காலியாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சொல்லவா வேண்டும், மேல்தோல் போன இரும்பைச் சும்மா விடாது. ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு எட்டிப் பார்த்தது. பிறகு நடுவிலும் புள்ளி விழுந்தது. யாராவது பழக்கினால்தான் கல் பிழைக்கும். மகளிடம் சொன்னேன்.

“நான் தொடமாட்டேன் சின்னம்மா. நான் பழக்குனா அது என் கல்லு ஆயிடும். அப்புறம் அம்மாது எங்க?”

அப்படியென்றால் நான் பழக்கினால்? அது என் கல் ஆகும். அதைத்தான் அவள் சொல்லாமல் விட்டாள். விட்டால் துரு தின்றுவிடும், தொட்டால் அவள் தாயை நானே துடைத்துவிட்ட மாதிரி. ஒரு வாரம் ஆணியைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் படத்துக்கு முன்னால் போய் நின்று, “கோவிச்சுக்காதக்கா, உன் பிள்ளை வீட்டு இரும்பு மண்ணாப் போக விட்டா நான் மனுஷியே இல்ல” என்று சொல்லிவிட்டுக் கல்லை இறக்கினேன்.

கழுநீரில் ஊறப்போட்டேன். துருவைப் புளி போட்டு எடுத்தேன். எண்ணெய் தடவினேன், சூடு காட்டினேன், வெங்காயம் தேய்த்தேன். பிய்ந்து வந்த தோசைகளைக் கோழிகள் தின்றன. தினமும் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் இதைச் செய்தேன். கல் மெல்ல மெல்லத் தவிட்டு நிறமாகி, அப்புறம் கறுக்கத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமைக் காலை ஊற்றிய தோசை, திருப்பியை வைத்ததும் எந்த அடமும் பிடிக்காமல் எழும்பி வந்துவிட்டது. அந்த வீட்டில் என் கைக்கு வந்த முதல் முழுத் தோசை. சந்தோஷப்பட வேண்டியவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். “பிடிச்சுக்க அக்கா, பிய்ச்சுப் போடு, ஒரு தடவை பிய்ச்சுப் போடு” என்று கெஞ்சினேன். அடுத்ததும் முழுதாகவே வந்தது.

வாசனைக்கு மகள் வந்து நின்றாள். நான் கண்ணைத் துடைப்பதற்குள் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, வெகு நேரம் மென்றாள்.

“நல்லா இருக்கு சின்னம்மா” என்றாள். நன்றாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்களும் அம்மா கல்லுல சாப்பிட்டிருக்கீங்கல்ல? அந்த ருசி எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. எனக்கு இப்பவே மங்கலா இருக்கு.”

நான் மூத்தவளைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கேட்பதற்கு அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை. சொன்னேன். ஓரத்தில் லேசான கசப்பு, மறுகடிக்கு அதே இடத்தில் ஒரு இனிப்பு. நடுவில் நல்லெண்ணெய் மணம். ஆறினாலும் தோல் மாதிரி இழுக்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“அப்புறம்?”

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாய் நிற்கவில்லை. “முதல் தோசையைத் தட்டுல போடமாட்டா. நாலா மடிச்சு, மூணு தரம் ஊதி, உன் உள்ளங்கையிலதான் வைப்பா. வச்சிட்டு, சுடுதான்னு தன் கன்னத்தை உன் கையில வச்சுப் பாப்பா.”

மகள் கண்ணைத் திறந்தாள். வலது கையை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது யாருக்குமே தெரியாது. அப்பா பட்டறைக்குப் போனப்புறம்தான் அப்படிப் பண்ணுவாங்க. உங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. கல்லில் ஊற்றியிருந்த தோசை கருகிக்கொண்டிருந்தது, எடுக்கக் கை வரவில்லை. பயமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

“உங்கம்மாதான்” என்றேன்.