கிழங்கோடு கேட்ட செடி

எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஹாலில், டி.வி.க்கு மேலே ஒரு துணிப்படம் தொங்குகிறது. நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டுத்துணிகளை வெட்டி, நடுவில் பஞ்சு கொடுத்து, போர்வை கனத்துக்குத் தைத்தது. வருகிறவர்கள் அந்தச் சிவப்பும் மஞ்சளுமான இதழ்களைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். என் கண் மட்டும் கீழே, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குத்தான் போகும்.

தைத்தவர் என் அண்ணி. அண்ணன் மாரடைப்பில் போன பிறகு அவரை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். சாவு வீட்டில் அண்ணி அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. சமைத்தார், துவைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு மைன்ஸ் ஆபீசில் ஜெனரல் ஷிப்ட். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. தனியாக உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்ற கவலையில் எனக்கு வேலையே ஓடாது. அந்தச் சமயத்தில் சர்ச் மாதர் சங்கத்தில், கண்காட்சிக்காக ஆளுக்கொரு மாநிலச் சின்னத்தைச் சுவர்ப்படமாகத் தைக்க முடிவு செய்தார்கள். பனைமரம் இருந்தது, மரகதப்புறா இருந்தது. அண்ணி செங்காந்தளைக் கேட்டு வாங்கினாராம். செங்காந்தள் என்பது புத்தகப் பெயர். எங்கள் பக்கத்தில் அது கண்வலிப்பூ. அதன் கிழங்கு விஷம் என்று கம்மாபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு நாள் காலை, அந்தப் பக்கத்திலிருந்து வரும் கீரைக்காரம்மா ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

“ஒங்க அண்ணி கண்வலிச் செடிய கெழங்கோட கேட்டுகினே இருந்தாங்க. வேலியோரமா பேத்துகினு வந்தேன். கைய நல்லா கழுவிடுங்க.”

பொட்டலத்தை அண்ணியிடம் உடனே கொடுக்கவில்லை. “படத்துக்குப் பூ போதாதா அண்ணி?” என்றேன்.

“மாதிரி பாத்துத் தைக்கணும்டி. கெழங்கு இல்லாம செடி எப்படி நிக்கும்?”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாங்கிப்போய்த் தையல் மெஷின் டிராயரில் வைத்தார்.

அன்றிலிருந்து நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். ஆபீசிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி போன் செய்வேன். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் டிராயரைத் திறந்து பார்ப்பேன். நுனி சுருண்ட இலைகளைத் தைத்து முடித்தார். நெளிநெளியான இதழ்களையும் முடித்தார். கிழங்கை மட்டும் தொடவே இல்லை. தைக்கிற எண்ணம் இல்லையென்றால் எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்? ஞாயிறு ஆராதனைக்கு அவர் போயிருந்தபோது, தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டேன். கிழங்கைக் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பொட்டலம் காலியாக இருந்தால் கேட்பாரே! அடுக்களையில் வளைந்த இஞ்சித் துண்டாகப் பொறுக்கி, மண்ணைத் தடவி, அதே காகிதத்தில் மடித்து வைத்தேன்.

அண்ணி ஒன்றுமே கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தாரா இல்லையா என்பது வேறு சந்தேகம். சில நாள் கழித்து நான் வீடு திரும்பியபோது, அண்ணனின் பழைய காக்கி பேன்ட்டை வெட்டி மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

“பஞ்சுத் தூசிடி” என்றார்.

கண்காட்சிக்கு வந்த கீரைக்காரம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “இன்னாங்க இது, கண்வலிச் செடிக்கு இஞ்சிய வச்சிகினு இருக்கீங்க?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். கணுக்கணுவாக, பிரியும் விரல்களோடு, அச்சு அசல் இஞ்சி. அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

“எங்க நாத்தனா எனக்குக் குடுத்த கெழங்கு இதாங்க” என்றார்.

அந்தச் செடியைக் கிழங்கோடு எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. இந்தப் படத்தின் முன்னால் உட்காரும்போதெல்லாம் அந்தக் காக்கி இஞ்சியைப் பார்க்கிறேன், பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்குகிறது. இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“இஞ்சிதான்டி. பயப்படாம குடி.”