தெல்தோட்டைக்குப் போன சுறாக்கள்

கடலுக்கடியில் படம் எடுப்பது என் தொழில். பிறந்து வளர்ந்த ஊர் கண்டி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சில வருடங்கள் கண்டிக் கல்யாண வீடுகளில் கமராவும் கையுமாக அலைந்து, வாரம் தவறாமல் நீச்சல் குளத்துக்குப் போய் நீந்தப் பழகி, கடைசியில் திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்தவள் நான். சீசனில் சுற்றுலா வருபவர்களைத் தண்ணீருக்கடியில் படம் எடுத்துக் கொடுப்பேன். மீதி நேரத்தில் பவளப்பாறைகளை எடுப்பேன். முதல் வேலை சோறு போடுகிறது. இரண்டாவது வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறேன்.

சென்ற பெப்ரவரியில் இந்த வலைப்பூ வழியாக ஒரு கடிதம் வந்தது. கண்டி மலைப்பக்கத்தில், தெல்தோட்டைக்கு அருகே உள்ள தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் படிப்பிக்கும் மேரி ரீச்சர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "எங்கட பிள்ளையளில கனபேர் கடலே பார்த்ததில்லை. உங்கட படங்களை இஞ்ச கொண்டு வருவீங்களோ?" என்று கேட்டிருந்தார். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், எனக்கும் வேலை இருக்காது. உடனே ஒத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. அப்பாவின் நண்பர் ஸ்டீபன் அங்கிள் அம்பிட்டியவில் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவை விட்டுவிட்டு மகனிடம் போகவிருந்தார். அதை நான் எடுத்து நடத்த வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் எப்படி மறுப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

திருகோணமலையிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் பஸ் வருகிறது. காலை ஆறு மணிக்கு ஏறினால் மத்தியானச் சோற்றுக்குக் கண்டியில் இருக்கலாம். மாத்தளை தாண்டியதும் காற்று குளிரத் தொடங்கும். ஒரு சால்வையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களை எதில் அச்சடிப்பது என்பதில் கொஞ்சம் யோசித்தேன். கடலைக் காப்பாற்றுங்கள் என்று பிளாஸ்டிக் பதாகையில் அடித்துக்கொண்டு போக மனம் வரவில்லை. அப்பாவுக்குப் புடவைக்கடை. என் தொழிலைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒன்றும் சொல்லாதவர். நான் கேட்டதும் கடையிலிருந்த நல்ல வெள்ளைப் பருத்தித் துணியைத் தானே அளந்து வெட்டிக் கொடுத்தார். துணியில் நிறம் சற்று மங்கலாகத்தான் விழும். ஆனால் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் புறப்பட, அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எங்கம்மா?"

"அவ்வளவு தூரம் தனியா போவியா? சாப்பாடு கட்டியிருக்கேன். நானும் வாரேன்."

சுறாக்களுக்கு நடுவே தனியாகப் போகிறவளுக்குத் தெல்தோட்டைக்குத் துணை. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கண்டியிலிருந்து தெல்தோட்டை சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ் உண்டு. துணிச் சுருள்களுடன் நெரிசலில் ஏற முடியாது என்பதால் கம்பளைக்காரரான பாரூக் நானாவின் (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்) வேனைப் பேசியிருந்தேன். பேராதனையில் எங்களை ஏற்றிக்கொண்டு கலஹா வழியாகப் போனார்.

"இந்தச் சுருளெல்லாம் என்ன தங்கச்சி?"

"கடலை, நானா, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறேன்."

"கடலைய ஏன் துணியில சுத்தி வச்சீக்கிறீங்க?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் விளக்கினேன். பாரூக் நானா கண்ணாடியில் சுருள்களைப் பார்த்துவிட்டு, "பாத்துட்டுத்தான் நான் திரும்புவேன்" என்றார். வளைவுகள் அதிகம். வயிறு கலங்குபவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கலஹாவுக்குப் பிறகு தேயிலை இரு பக்கமும் ஏறி வரும். மூடுபனி இறங்கினால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும்.

"வாங்கோ, வாங்கோ" என்று மேரி ரீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். மண்டபத்தில் குறுக்காகக் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டோம். கருமுனைச் சுறாக்கள், ஆமை, கிளி மீன்கள். யன்னலால் வந்த காற்றில் துணி ஆட, சுறாக்களும் ஆடின. உள்ளே வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து, துணிக்குக் கீழே நுழைந்து, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்.

கடைசிப் படம் வேறு மாதிரி. நிலாவெளிக்கு அப்பால் எடுத்தது. ஒரு பவளப்பாறையை மூடிக்கொண்டு ஒரு லஞ்ச் ஷீட் கிடக்கிறது, சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாள். அதன் கீழே பவளம் வெளுத்திருக்கிறது. அம்மா அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். போனில் நான் அனுப்பும் படங்களை "அப்புறம் பாக்குறேன்" என்று தள்ளி வைப்பவர். என் படம் ஒன்றை அவர் நின்று பார்ப்பதை அன்றுதான் கண்டேன்.

பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் போடும் குப்பை அங்கே வருமா என்றாள் ஒருத்தி. அந்த ஓடை மகாவலி ஆற்றில் சேர்கிறது, மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கடலில் விழுகிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். நடுவே அணைகள் இருப்பதால் எல்லாம் வராது, இந்தத் தாள் கடற்கரைக்கு வந்த யாரோ போட்டதாகவும் இருக்கலாம் என்றேன். ஆனால் நைந்து பொடிப்பொடியான பொலித்தீனை எந்த அணையாலும் முழுதாகத் தடுக்க முடியாது.

அப்போது முன் வரிசையில் இருந்த கௌசி என்ற பெண் கேட்டாள். "அக்கா, நீங்க உள்ள போறது உங்க அம்மாவுக்குப் பயமில்லையா?"

நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பயந்தான் மா. எறங்கப் போறேன்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுவா. ஏறிட்டேன்னு இன்னொன்னு. அந்த ரெண்டுக்கும் நடுவுல நான் சமைச்சேன்னா கறிக்கு ரெண்டு தடவ உப்பு போட்டுருவேன். இவங்க அப்பா ஒரு வாய் வச்சதுமே 'மக இன்னைக்குக் கடல்ல'ன்னு சொல்லிட்டு, பேசாம சாப்பிடுவாரு."

மண்டபமே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த உப்புக் கறியைப் பற்றி வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்ப ஏன் விடுறீங்க?" கௌசி விடவில்லை.

அம்மா ஆமைப் படத்தைப் பார்த்தார். "இதெல்லாம் இன்னைக்குத்தானே நானும் பாக்குறேன்" என்றார்.

மத்தியானம் அம்மா பையைத் திறந்தார். சோறு லஞ்ச் ஷீட்டில்தான் சுற்றியிருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அம்மா தாள்களை எல்லாம் வாங்கிக் குழாயடியில் கழுவி, உதறி, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாரூக் நானாவும் தன்னுடையதைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

புறப்படும்போது கௌசி என் கமராப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு பாரத்த பொம்பளைங்களுக்குத் தூக்க ஏலுமா?"

"தண்ணிக்குள்ள பாரமே தெரியாது மா. மூச்சத்தான் நிதானமா விடணும், அவசரப்படக் கூடாது" என்றார் அம்மா. எப்போதோ போனில் நான் சொன்னது. கேட்காமல் மறுமுனையில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சனிக்கிழமை அம்பிட்டியவுக்குப் போனோம். கண்டி நகரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோ போகும். ஸ்டீபன் அங்கிளின் ஸ்டூடியோ நல்ல வெளிச்சமான இடம். கதிரைகள், திரைகள், அலுமாரி எல்லாம் அப்படியே விட்டுப் போவதாகச் சொன்னார். ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"அப்ப எப்ப தொடங்குவா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரைச்சீலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. அவளுக்கு அங்க வேலை இருக்கு. வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

இறங்கி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காத" என்றார். நான் தலையாட்டினேன்.

இதே மாதிரி மலைப் பள்ளிகளுக்குப் படங்கள் கொண்டுபோக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். துணியில் அச்சடியுங்கள், கயிறும் கிளிப்பும் கொண்டுபோங்கள். அதிபரின் அனுமதியை முன்பே எழுத்தில் கேளுங்கள். குடை அவசியம். பஸ் கட்டணமும் வேன் வாடகையும் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு வர விரும்பி எழுதுபவர்களுக்கு: முதலில் நீச்சல், பிறகு முழுகும் பயிற்சி, கமரா கடைசியாக. தண்ணீரில் நிலையாக நிற்கத் தெரியாதவர் கையில் கமரா இருந்தால் பவளத்தைத்தான் உடைப்பார். வருமானம் சீசனோடு வந்து சீசனோடு போகும், கைவசம் இன்னொரு வேலை இருக்கட்டும். நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது கரையில் காத்திருப்பவரிடம் உங்கள் படங்களைக் காட்டுங்கள். பெரிதாக, தொங்கவிட்டு, நின்று பார்க்கும்படி காட்டுங்கள்.

மே மாதத்தில் கடல் தெளிந்ததும் அம்மா நிலாவெளிக்கு வந்தார். உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படகின் நடுவில், இரு கையாலும் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் முழுகித் தண்ணீருக்கு மேலே வந்தபோதும் அதே இடத்தில் அப்படியேதான் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் முகமூடியைக் கழற்றுவதற்குள் விளிம்புப் பக்கம் மெல்லச் சாய்ந்து கேட்டார்.

"கீழ என்ன பாத்த? ஒன்னு விடாம சொல்லு."